இந்து குஷ் மலையின் உயிர்வழி: சாலங் சுரங்கப்பாதை

ஆப்கானிஸ்தான் என்றதும் நம் நினைவுக்கு வருவது போர்தான். அந்நாட்டுப் போர்களின் காலங்களையும் தலைவர்களின் பெயர்களையும் செய்திகளில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் காபூலில் வாழும் ஒரு குடும்பப் பெண்ணுக்குத் தலைவர்களின் பெயர்களைவிட முக்கியமான ஒரு பெயர் உண்டு. அதுதான் சாலங். சந்தையில் கோதுமை மாவின் விலை ஏறுவதும் இறங்குவதும், மாரிகாலத்தில் வீட்டுக்கு எரிபொருள் கிடைப்பதும், வடக்கில் மணமுடித்துச் சென்ற மகள் தாயைப் பார்க்க வருவதும் சாலங் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தவை.

சாலங் என்பது ஒரு மலைக் கணவாய். அதன் அடியில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட, ஏறத்தாழ 2.7 கிலோமீற்றர் நீளமான வீதிச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. பாதை மூடப்பட்டால் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் என்ன நடக்கும் என்பதை எமது வாசகியருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் தொலைவிலுள்ள இந்தச் சுரங்கத்தின் கதையை இம்மாதம் சொல்ல விரும்புகிறோம்.

மலை பிரித்த நாடு

ஆப்கானிஸ்தானின் நடுவே இந்து குஷ் மலைத்தொடர் குறுக்காகக் கிடக்கிறது. மலைக்குத் தெற்கே தலைநகர் காபூல். வடக்கே மஸார்-இ-ஷரீப், குந்துஸ், பக்லான் போன்ற ஊர்கள். வடக்குச் சமவெளி விளைச்சல் மிக்கது. கோதுமை, நெல், பருத்தி, வெள்ளரிப்பழ இனத்தைச் சேர்ந்த இனிப்பான முலாம்பழம் ஆகியன அங்கே விளைகின்றன. உலகெங்கும் பெயர் பெற்ற ஆப்கான் கம்பளங்களில் பெரும்பகுதியும் வடக்கில் நெய்யப்படுபவை. துர்க்மென் இனப் பெண்களும் சிறுமிகளும் வீட்டுத் தறிகளின் முன்னே மாதக்கணக்கில் அமர்ந்து நெய்யும் கம்பளங்கள் அவை. அவை விலைபோக வேண்டுமானால் மலையைத் தாண்டிக் காபூல் சந்தைக்கு வந்து சேர வேண்டும்.

முற்காலத்தில் குதிரைகளும் ஒட்டகங்களும் கணவாய்கள் வழியாகப் பொருட்களைச் சுமந்தன. 1930களில் ஷிபர் கணவாய் வழியாக மோட்டார் வாகனங்கள் செல்லக்கூடிய வீதி அமைக்கப்பட்டது. ஆனால் அது மேற்கே பாமியன் பக்கமாகச் சுற்றிச் செல்லும் நெடுவழி. லொறிகள் காபூலில் இருந்து வடக்கே போய்ச் சேர மூன்று நாட்கள் எடுத்தன. சாலங் கணவாய் நேர்வழியில் இருந்தாலும் அதன் உயரம் 3,878 மீற்றர். ஆண்டின் பல மாதங்கள் பனியால் மூடிக் கிடக்கும் அந்த உச்சியில் நிலையான வீதி அமைப்பது கடினம். ஆகவே உச்சிக்குக் கீழே மலையைக் குடைவதே வழி என்று தீர்மானிக்கப்பட்டது.

மூன்று நாட்கள் பத்து மணித்தியாலம் ஆயின

1950களில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலகெங்கும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஆப்கானிஸ்தானில் அந்தப் போட்டி வீதிகளாகவும் அணைகளாகவும் வடிவெடுத்தது. தெற்கே காபூல் - கந்தஹார் வீதிக்கு அமெரிக்கா உதவியது. வடக்கே சோவியத் ஒன்றியம் கைகொடுத்தது. 1955 டிசெம்பரில் சோவியத் தலைவர் குருஷேவ் காபூலுக்கு வந்தபோது 100 மில்லியன் டொலர் கடனுதவி அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1958 இல் சாலங் வேலைகள் தொடங்கின. சோவியத் பொறியியலாளர்களும் ஆப்கான் தொழிலாளர்களும் இணைந்து கடும் குளிரில் மலையைக் குடைந்தார்கள். மன்னர் ஸாஹிர் ஷாவின் ஆட்சியில், 1964 இல், சுரங்கம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

சுரங்கம் அமைந்திருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில். அக்காலத்தில் உலகின் மிக உயரமான வீதிச் சுரங்கங்களுள் இதுவும் ஒன்று. சுரங்கத்துக்கு ஏறும் வளைவு வீதியிலும் பனிச்சரிவு விழக்கூடிய இடங்களில் கொங்கிறீற் கூரைகள் போடப்பட்டன. மேலிருந்து சரியும் பனி வீதியில் விழாமல் கூரையின் மேலாகச் சரிந்து பள்ளத்தாக்கில் விழும்படியான ஏற்பாடு அது.

பயணத் தூரம் சுமார் 300 கிலோமீற்றர் குறைந்தது. 72 மணித்தியாலப் பயணம் 10 மணித்தியாலமாகச் சுருங்கியது. ஒரு பருவத்தில் விளைந்த பழம் அழுகுமுன் தலைநகரை அடைய முடிந்தது. நோயாளியை மாரிகாலத்திலும் காபூல் வைத்தியசாலைக்குக் கொண்டுவர முடிந்தது. வடக்கு மாணவர்கள் காபூல் பல்கலைக்கழகத்துக்கு வந்து விடுமுறைக்கு வீடு திரும்ப முடிந்தது. மலை பிரித்து வைத்திருந்த நாட்டை இந்தச் சுரங்கம் ஒன்றாகத் தைத்தது.

படைகள் வந்த வழி

மாவையும் பழத்தையும் சுமந்த அதே வீதி பதினைந்து ஆண்டுகளில் படைகளையும் சுமந்தது. 1979 டிசெம்பர் இறுதியில் சோவியத் படைகள் தெர்மெஸ் நகரருகே அமு தர்யா ஆற்றைக் கடந்து, சாலங் வழியாகக் காபூலை நோக்கி வந்தன. அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படையின் உணவும் எரிபொருளும் வெடிபொருளும் பெரும்பாலும் இந்த வழியாகவே வந்தன.

ஒரு வீதியைப் படை நம்பியிருந்தால் எதிர்த்தரப்பு அந்த வீதியையே குறிவைக்கும். மலைச்சரிவுகளில் பதுங்கியிருந்த முஜாஹிதீன் போராளிகள் வாகனத் தொடரணிகளைத் தாக்கினார்கள். படையினர் வீதியின் இருபுறமும் காவலரண்களை அமைத்தார்கள். நடுவே அகப்பட்டவை வீதியோரக் கிராமங்கள். தோட்டங்கள் பாழாயின, வீடுகள் இடிந்தன. 1989 ஜனவரியில் சோவியத் படைகள் வெளியேறத் தயாரானபோது, வெளியேறும் வழியைப் பாதுகாப்பதற்கென்று சாலங் பகுதிக் கிராமங்கள்மீது மூன்று நாட்கள் விமானங்களும் பீரங்கிகளும் குண்டுகளைப் பொழிந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பனியில் ஓடினார்கள். 1989 பெப்ரவரி 15 ஆம் நாள் கடைசிச் சோவியத் படையினர் ஆற்றைக் கடந்து சென்றார்கள். அந்த ஆண்டுகளில் ஐந்து மில்லியனுக்கும் மேற்பட்ட ஆப்கானியர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாகியிருந்தனர்.

சுரங்கத்துக்குள் நிகழ்ந்த பேரழிவு

போர்க்காலத்தில் சுரங்கத்துக்குள் மிகப் பெரிய உயிரிழப்பை உண்டாக்கியது நச்சுக்காற்று. 1982 நவம்பர் 3 ஆம் நாள் படை வாகனத் தொடரணிகள் சுரங்கத்தினுள் சிக்கி நின்றுவிட்டன. தொடக்கம் எப்படி என்பதில் ஒருமித்த கருத்தில்லை. விபத்தும் நெரிசலும் என்கிறார்கள் சிலர், எரிபொருள் வண்டி தீப்பற்றியது என்கிறார்கள் வேறு சிலர். பின்னால் வந்த வாகனங்கள் தொடர்ந்து உள்ளே நுழைந்தன. கடும் குளிரென்பதால் சாரதிகள் எஞ்சினை நிறுத்தவில்லை. புகை வெளியேற வழியின்றி உள்ளே நிறைந்தது.

சோவியத் பதிவுகள் 64 படையினரும் 112 ஆப்கானியரும் இறந்ததாகக் கூறுகின்றன. வெளிநாட்டுச் செய்திகள் எழுநூறுக்கு மேல் என்றும், இரண்டாயிரத்துக்கு மேல் என்றும் கூறின. அன்று செய்தி மறைக்கப்பட்டதால் எண்ணிக்கை இன்றுவரை வாதத்துக்குரியதாகவே இருக்கிறது. கணவனோ மகனோ திரும்பி வராத எத்தனையோ வீடுகளுக்குச் சரியான தகவல் கிடைக்கவேயில்லை. உயிரிழப்புக்கு மேல் உண்மையையும் இழப்பது எத்தகைய வேதனை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

மணமற்ற நஞ்சு

அன்று பலரைக் கொன்றது காபனோரொட்சைட்டு என்னும் வாயு. எரிபொருள் எரியப் போதிய ஒட்சிசன் இல்லாதபோது இது உண்டாகிறது. நிறமோ மணமோ இல்லாததால் மூச்சில் கலப்பதை எவரும் உணரமாட்டார்கள். இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்வதை இது தடுத்துவிடுகிறது. முதலில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி. பிறகு அயர்வும் தூக்கமும். பலர் அந்தத் தூக்கத்திலிருந்து எழுவதில்லை. சாலங் போன்ற உயரமான இடத்தில் காற்றே அடர்த்தி குறைந்தது. எஞ்சின்கள் எரிபொருளை முழுமையாக எரிக்காமல் இன்னும் கூடுதலாக இந்த நஞ்சைக் கக்குகின்றன. 1976 இல் காற்றோட்டப் பொறிகள் பொருத்தப்பட்டிருந்தபோதும் போரின் நெருக்கடிக்கு அவை ஈடுகொடுக்கவில்லை.

இந்த ஆபத்து சுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று. பூட்டிய அறைக்குள் கரி அடுப்பைக் கனல விடுவதும், வீட்டுக்குள் அல்லது யன்னலோரத்தில் மின்பிறப்பாக்கியை இயக்குவதும், மூடிய கொட்டகையில் வாகனத்தை இயங்க விடுவதும் இதே நஞ்சை உண்டாக்கும். மழைநாளில் குழந்தைக்குக் குளிரும் என்று கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் மயக்கமும் வந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி வைத்திய உதவியை நாட வேண்டும்.

அடைக்கப்பட்ட வாசல்

சோவியத் படை போன பின்பும் போர் ஓயவில்லை. 1996 இல் தலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். 1997 இல் அவர்கள் சாலங்கைத் தாண்டி வடக்கே சென்றபோது, அஹமட் ஷா மசூத்தின் படையினர் சுரங்க வாசலை வெடிவைத்து அடைத்தனர். அடுத்த நான்கரை ஆண்டுகளுக்கு வாகனங்கள் செல்லவில்லை. போருக்குச் சாதகமான அந்தச் செயலின் விலையைக் கொடுத்தவர்கள் இருபுறத்து மக்கள். நேர்வழி இல்லாததால் மறுபடியும் மலையைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. அந்த வழிகளிலும் போர்முனைகள் குறுக்கிட்டன.

2001 நவம்பரில் தலிபான் ஆட்சி வீழ்ந்ததும் இடம்பெயர்ந்த மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினர். சுரங்கம் அடைபட்டே கிடந்தது. ஆனால் ஆட்கள் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. வாகனத்தில் ஒரு பக்கம் வந்து இறங்கி, மூட்டைகளையும் பிள்ளைகளையும் சுமந்தபடி, விளக்கோ காற்றோட்டமோ இல்லாத இருளுக்குள் மக்கள் நடந்தார்கள். காலடியில் உறைபனி, தலைக்குமேல் முறுக்கிக் கிடந்த இரும்பு, வழியெங்கும் இடிபாடு. மறுமுனையில் வேறு வாகனம் பிடித்துப் போனார்கள். வீட்டுக்குப் போகும் வழி அதுவாக இருந்ததால் நடந்தார்கள்.

வெளிநாட்டுப் பணியாளர்களும் ஆப்கான் தொழிலாளர்களும் கண்ணிவெடிகளையும் இடிபாடுகளையும் அகற்றி, 2002 ஜனவரி 19 ஆம் நாள் சுரங்கத்தை மீண்டும் திறந்தனர். விழா நடந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை, பெப்ரவரி தொடக்கத்தில் பனிச்சரிவு வாயில்களை மூடியது. நூற்றுக்கணக்கானோர் உள்ளே சிக்கினர். குளிரிலும் நச்சுக்காற்றிலும் சிலர் இறந்தனர். பாதையைத் திறந்தார்களே தவிர, காற்றோட்டத்தையும் பனி அகற்றும் ஏற்பாட்டையும் முழுமையாகச் சீர்செய்திருக்கவில்லை.

பனியும் பாரமும்

2010 பெப்ரவரி 8, 9 ஆம் நாட்களில் சாலங்கின் தெற்குச் சரிவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பனிச்சரிவுகள் விழுந்தன. வீதியின் சில கிலோமீற்றர் பகுதி பனியின் கீழ் மறைந்தது. பஸ்களும் கார்களும் பள்ளத்தில் தள்ளப்பட்டன. 160 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2,500 இற்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர்.

அடுத்த ஆண்டே வேறொரு பாரம் வந்தது. 2011 நவம்பரில் பாகிஸ்தான் தன் எல்லையூடான நேட்டோ படைகளின் வழங்கல் பாதையை மூடியது. 2012 யூலை வரை அந்தத் தடை நீடித்தது. அதனால் படைகளுக்கான எரிபொருளும் பொருட்களும் வடக்கே மத்திய ஆசியா வழியாகச் சாலங்கூடாக வந்தன. நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் வாகனங்களுக்கென அமைக்கப்பட்ட சுரங்கத்தில் அதன் பல மடங்கு வாகனங்கள் நெருக்கின. வீதித் தளம் குழிகளாயிற்று. மலையேற ஒரு நாள் போதும் என்றிருந்த லொறிச் சாரதிகள் பல நாட்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். மீண்டும் ஒருமுறை, படையின் தேவைக்காக வீதி தேய்ந்தது. சந்தைக்குப் போகும் தக்காளி லொறியிலேயே அழுகியது.

2015 இல் உலக வங்கி சாலங் வீதியையும், அதற்கு மாற்றாகப் பக்லான் - பாமியன் வீதியையும் சீரமைக்க 250 மில்லியன் டொலர் மானியத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2021 ஆகஸ்டில் தலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது உலக வங்கி அந்நாட்டுக்கான கொடுப்பனவுகளை நிறுத்தியது.

2022 டிசெம்பர் 17 ஆம் நாள் சுரங்கத்துக்குள் எரிபொருள் தாங்கி வண்டி ஒன்று தீப்பற்றியது. பெண்களும் குழந்தைகளும் உட்படச் சுமார் முப்பது பேர் இறந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததுபோல் அதே இடத்தில், அதே புகை. 2023 இல் சுரங்கத்தை மூடிப் புனரமைப்பு வேலைகள் செய்யப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

யார் போகலாம்?

சாலங்கின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் மீற்றர் கணக்கையும் படைக் கணக்கையுமே எழுதுகிறார்கள். பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு தூரமும் உண்டு. அது 72 கிலோமீற்றர். 2021 டிசெம்பரில் தலிபான் நிர்வாகம் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. 72 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்யும் பெண்ணுடன் நெருங்கிய ஆண் உறவினர் ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிடில் சாரதிகள் அவளை ஏற்றக்கூடாது என்பதே அது.

சாலங் சுரங்கம் காபூலிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. நாற்பது ஆண்டுப் போர் கணவனையும் தகப்பனையும் சகோதரனையும் பறித்துக்கொண்ட விதவை ஒருத்தி காபூலில் இருந்தால், உத்தரவின்படி அவளது பயணம் சுரங்க வாசலுக்கு முன்னரே முடிந்துவிடும். வடக்கிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போவதும், நெய்த கம்பளத்தைத் தானே சந்தைக்குக் கொண்டுபோய் விலை பேசுவதும் அவளால் இயலாது. சுரங்கத் தீ நடந்து மூன்று நாட்களின் பின், 2022 டிசெம்பர் 20 இல், பெண்கள் பல்கலைக்கழகம் செல்வதும் தடைசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் சாலங் வழியாகக் காபூலுக்குப் படிக்க வந்த வடக்குப் பெண்களின் பேத்திகளுக்கு, வீதி திறந்திருந்தும் போக ஒரு காரணம் இல்லாமற் செய்யப்பட்டது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஆறு தசாப்தங்களில் சாலங்கைத் திறந்து வைத்தவர்கள் பலர். மன்னராட்சி திறந்தது, போரின் பின் சர்வதேச உதவியோடு மீண்டும் திறந்தார்கள், 2023 இலும் திறந்தார்கள். விழா எடுப்பதற்கு எப்போதும் பணமும் ஆட்களும் இருந்தன. ஆனால் நாள்தோறும் புகையை வெளியேற்ற, பனியை வாரிக் கொட்ட, குழிகளை நிரப்ப, எத்தனை வாகனங்களை உள்ளே விடலாம் என்று கணக்குப் பார்க்கப் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. 1982, 2002, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளின் இறப்புகளும் இதையே சொல்கின்றன. மாரிகாலத்தில் பனி அகற்றும் இயந்திரத்தோடு கணவாயில் தங்கியிருக்கும் வீதித் தொழிலாளர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் உயிரோடு போய்வந்த ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடமைப்பட்டவர்.

போர் கண்ட எந்த நாட்டிலும் பாதை ஒன்று திறக்கப்படும் செய்தி மகிழ்ச்சி தருவது. அந்த மகிழ்ச்சியோடு சில கேள்விகளையும் பெண்கள் நாம் கேட்கப் பழக வேண்டும். நாளை இதைப் பராமரிப்பவர் யார்? நெருக்கடி வந்தால் முதலில் எவருக்காக இது மூடப்படும்? நோயாளிப் பிள்ளையோடு ஒரு தாய், வேறு எவரின் துணையுமின்றி, இந்த வழியால் போய்த் திரும்பி வர முடியுமா? இக்கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைக்கும் நாளில்தான் அந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டதாகும்.